நாமும் ஊர் பார்க்கலாம்



வன்னியிலிருந்து பெண்கள் குழுக்கள் மலையகம் வரும்போது, “எங்கே போகலாம், எதைப் பார்க்கலாம்?” என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் அட்டனில் பிறந்து இங்கேயே சமூக சேவையாளராக வேலை செய்பவள். அதனால் இந்தக் கேள்வி எனக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் கூடவே வேறு கேள்விகளும் வருகின்றன. “புருஷன் இல்லாத நான் ஊர் சுற்றினால் சனம் என்ன கதைக்கும்?” என்றார் ஓர் அக்கா. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஓர் அம்மா, “பிள்ளை எங்கே என்று தெரியாமல் நான் பூந்தோட்டம் பார்க்கிறதா?” என்று கேட்டார்.

மனைவியை இழந்த ஆண் வெளியூர் போய் வந்தால் எவரும் கணக்குக் கேட்பதில்லை. பெண்ணின் துயரம் மட்டும் ஊருக்குத் தெரியும்படி இருக்க வேண்டும் என்று எமது சமூகம் எதிர்பார்க்கிறது. அது துயரத்திற்குக் கொடுக்கும் மரியாதை அல்ல, பெண்ணுக்குப் போடும் காவல். அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: இரண்டு நாள் இளைப்பாறினால் தேடல் நின்றுவிடாது. தேடுவதற்கும் உடம்பில் பலம் வேண்டும்.

சரி, எங்கே போகலாம்? நுவரெலியாவிலிருந்து தொடங்குவோம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நகரம் இது. இங்குள்ள கிரகரி வாவி, 1873இல் ஆங்கிலேய ஆளுநர் கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. பதுளை வீதியில் சென்றால் சீதா எலியவில் சீதை அம்மன் கோயில் இருக்கிறது. சீதை சிறையிருந்த இடம் இது என்பது மக்களின் நம்பிக்கை. செய்திக்காகக் காத்திருந்த ஒரு பெண்ணின் கோயில் என்பதால், உங்களில் பலருக்கு அங்கே நெஞ்சு கனக்கலாம். அதற்கு அப்பால் ஹக்கல பூங்கா. 1861இல் இது பூக்களுக்காகத் தொடங்கப்படவில்லை. மலேரியாவுக்கு மருந்தான கொயினா எடுக்கும் சிங்கோனா மரங்களை வளர்க்கவே தொடங்கப்பட்டது. வன்னியில் மலேரியாவுடன் வாழ்ந்த உங்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

ஹோர்ட்டன் சமவெளியில் உள்ள ‘உலக முடிவு’ செங்குத்தான பெரும் பள்ளம். அதிகாலையிலேயே போய்விட வேண்டும். நேரம் சென்றால் பனிமூட்டம் மூடி எதுவும் தெரியாது. சுற்றிவர ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடக்க வேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் யோசித்துச் செல்லுங்கள்.

அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் டெவன், சென் கிளேயர் ஆகிய இரு நீர்வீழ்ச்சிகளையும் வீதியில் நின்றே பார்க்கலாம், செலவில்லை. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் திறக்கப்பட்ட பின் சென் கிளேயரில் முன்புபோல் தண்ணீர் விழுவதில்லை. அந்தத் திட்டத்திற்காகத் தலவாக்கலையில் பல குடும்பங்கள் இடம்மாறவும் நேர்ந்தது. சிவனொளிபாத மலைக்கு அட்டன் வழியாக, மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரிகர் செல்கின்றனர்.

இவற்றை எல்லாம் பார்க்கும்போது வழி நெடுகப் பச்சைத் தேயிலையும், அதற்குள் கூடை சுமந்த பெண்களும் தெரிவார்கள். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் அவர்கள் வேலைத்தளத்தில் நிற்கும் தொழிலாளர்கள். இடுப்பில் படங்கு, காலில் அட்டை, மழையானாலும் கொழுந்து. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர். பல மலைகளில் ஒதுங்குவதற்குக் கழிப்பறை கிடையாது. 1,000 ரூபா நாட்சம்பளத்திற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள், 2021இல்தான் அது கிடைத்தது. ஆகவே படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேளுங்கள். பெயரைக் கேளுங்கள். முகாமில் நீங்கள் வரிசையில் நின்றபோது கேட்காமல் படம் எடுத்தவர்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1977, 1983 வன்செயல்களின்போது தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்ட ஏராளமான குடும்பங்கள் வன்னியில் குடியேறின. பின்னர் யுத்தத்தையும் அவர்களே தாங்கினார்கள். இதை வாசிக்கும் உங்களில் சிலரின் தாய்வீடு இந்த லயங்களில்தான் இருந்திருக்கும். அம்மாவோ அம்மம்மாவோ சொன்ன தோட்டத்தின் பெயர் ஞாபகமிருந்தால் அதையும் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கம்பளைக்கு அருகே பழைய லயம் ஒன்றில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் இருக்கிறது. அங்கே அந்த நாளைய பாவனைப் பொருட்களைப் பார்க்கலாம்.

சில நடைமுறைக் குறிப்புகள்:

- ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் சனமும் செலவும் அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும், ஆனால் இரவில் கடும் குளிர். கம்பளிச் சட்டையும் காலுறையும் அவசியம்.
- 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மலையகப் பாதைகளும் புகையிரதப் பாதையும் பெரிதும் சேதமடைந்தன. புறப்படுமுன் பாதை நிலையை விசாரியுங்கள். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கையைக் கவனியுங்கள்.
- குழுவாக வாருங்கள். மாதர் சங்கத்தில் மாதாமாதம் சிறு தொகை சேர்த்தால் எவரிடமும் கடன்பட வேண்டியதில்லை.
- அடையாள அட்டை, வழமையாக எடுக்கும் மருந்துகளை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எமது தோட்டங்களில் ஐம்பது வயதாகியும் கடலைக் காணாத பெண்கள் இருக்கிறார்கள். இவர்களின் மூதாதையர் கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். 2023இல் அந்தப் பாதையில் மக்கள் மீண்டும் நடந்து அவர்களை நினைவுகூர்ந்தார்கள். முல்லைத்தீவுக் கடற்கரை, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று எல்லாம் உங்கள் பக்கத்தில் இருக்கின்றன. நீங்கள் இங்கே வந்தால் லயத்தில் ஒரு கோப்பை தேநீர் நிச்சயம். எங்கள் பெண்கள் அங்கே வந்தால் உங்கள் வீட்டில் பாய் விரிப்பீர்களா? உங்கள் சங்கத்தில் பேசி எழுதுங்கள்.