703 என்னும் எண்ணும் நாஞ்சில் மண்ணும்

பூதப்பாண்டி என்றதும் தமிழ் மாணவர் நெஞ்சில் இரு பெயர்கள் எழும். ஒன்று, ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். மற்றொன்று, 1907இல் இவ்வூரில் பிறந்த ஜீவா. அடுத்துள்ள நாகர்கோவிலின் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற கணித மேதை எஸ். எஸ். பிள்ளையின் பெயரைச் சொன்னாலோ வகுப்பறை வாய் திறப்பதில்லை. பாட்டும் மேடைப் பேச்சும் தந்தவரை மட்டுமே மண்ணின் பெருமையாக எண்ணிப் பழகிவிட்டோம். இது தமிழுக்கே இழப்பு என்பது என் கருத்து.

அவர் புகழோடு தொடர்புடைய எண் 703. 19ஐ 37ஆல் பெருக்கக் கிடைப்பதால் இது பகு எண். முதல் வரிசையில் ஒரு புளியங்கொட்டை, அடுத்ததில் இரண்டு என 37 வரிசை அடுக்கினால் மொத்தம் 703 ஆகும். ஆதலின் இது முக்கோண எண். இதன் வர்க்கம் 494209. அதனை 494, 209 எனப் பிரித்துக் கூட்டினால் மீண்டும் 703! மராட்டியத்துத் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராய் இருந்த காப்ரேகர் கண்ட எண்வகை இது.

இவையெல்லாம் அழகு; ஆழம் வேறிடத்தில் உள்ளது. ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, ஆறு முறை வருமாறு எழுதுவது ஆறாம் அடுக்கு. 1இன் ஆறாம் அடுக்கு 1, 2இனது 64, 3இனது 729. இவ்வடுக்குகளை மட்டுமே கூட்டி 703ஐ அமைக்க வேண்டுமாயின் 729 பயன்படாது. பதினொரு 64கள் 704 ஆகி ஒன்று மிஞ்சிவிடும். எனவே பத்து 64களும் அறுபத்து மூன்று 1களும் வேண்டும். ஆக, 73 உறுப்புகள். இதற்கு மேல் வேண்டும் எண் எதுவுமே இல்லை, எத்துணைப் பெரிய எண்ணுக்கும் 73 போதும் என்று 1940இல் நிறுவியவர் பிள்ளை. 1770இல் வாரிங் என்னும் ஆங்கிலேயர் எழுப்பிய வினாவின் ஒரு பகுதிக்கு இவ்வாறு விடை கிடைத்தது. 1950 ஆகஸ்டு 31ஆம் நாள், அமெரிக்கா செல்லும் வழியில், எகிப்தில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

எங்கள் இல்லக் கடிதங்களின் தலைப்பில் 786 இருக்கும்; அண்டை வீட்டார்க்கு 108 உண்டு. அவை நம் பற்றினால் பொருள் பெற்ற எண்கள், போற்றத்தக்கவையே. 703இன் இயல்போ எவரும் தந்ததன்று. எம்மொழியார் எண்ணினும் மாறாதது.

கணிதம் தமிழ்த்துறைக்கு எதற்கு என்பர் சிலர். பேரெண்களுக்கெல்லாம் பெயர் வைத்த மொழி என மேடையில் முழங்குவோரும் நாமே. ஓர் எண்ணின் இயல்பைத் தமிழில் விளக்கச் சொன்னால் ஒதுங்குவோரும் நாமே. மேலே கூறியவற்றுக்குப் பள்ளிப் பாடநூற் சொற்களே போதுமாயின. ஆகவே குறை மொழியினிடத்தில் இல்லை. பொதுத்தமிழ் உரைநடைத் தொகுப்பில் இத்தகைய கட்டுரை ஒன்றேனும் இடம்பெற வேண்டும். கணிதத் துறையினர் எழுத, நாம் நடை திருத்தலாம்.

தொடக்கத்துக்கு ஒன்று சொல்வேன். தொடர்ந்து வரும் எண்களை 16 வரை எடுத்துக்கொண்டால், ஏனைய எவற்றோடும் 1ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத எண் ஒன்று அவற்றுள் இருந்தே தீரும் என்பதும் பிள்ளை நிறுவியதே. 17 எடுத்தாலோ, 2184 முதல் 2200 வரை அது பொய்க்கிறது. ஏன் என்பதை நல்ல தமிழில் விளக்கி எழுதும் மாணவர்க்கு அடுத்த மலரின் முதற்பக்கத்தை ஒதுக்கலாம்.