தாராவிவாசி எந்தக் கதவைத் தட்டுவது?

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளியை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் முன்மொழிவுடன் அதானி குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் அக்குழுமத்தின் பங்கு 80 சதவீதம். மகாராஷ்டிர அரசின் பங்கு 20 சதவீதம். ரயில்வே நிலமும் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதை ஆவணத்தால் மெய்ப்பிப்பவருக்கே தாராவிக்குள் இலவச வீடு. எனவே, ஒரு குடும்பம் தொண்ணூறடிச் சாலையருகே நிலைக்குமா, ஊர்க்கோடிக்குத் தள்ளப்படுமா என்பதை ஓர் அதிகாரியின் கையெழுத்தே முடிவு செய்கிறது.

அக்கையெழுத்துக்கு விலை கேட்கப்பட்டால் எங்கே முறையிடுவது? ரயில்வே அதிகாரி என்றால் தில்லியிலுள்ள லோக்பால். மாநில அதிகாரி என்றால் லோக் ஆயுக்தா. அல்லது மாநில உள்துறையின் கீழ் இயங்கும் லஞ்ச ஒழிப்புப் பிரிவு. திட்டம் ஒன்று, கதவுகள் மூன்று. அவற்றுள் ஒன்றின் சாவி ஆட்சியாளர் கையிலேயே இருக்கிறது.

இந்நிலை தற்செயலானதன்று. சிபிஐ 1963 ஏப்ரல் 1 அன்று உள்துறையின் தீர்மானம் ஒன்றால் உருவாக்கப்பட்டது. இன்றும் அது 1946ஆம் ஆண்டின் தில்லி சிறப்புக் காவல் சட்டத்திலிருந்தே அதிகாரம் பெறுகிறது. கே. சந்தானம் குழுவின் பரிந்துரைப்படி 1964இல் மத்திய கண்காணிப்பு ஆணையம் அமைந்தது; அதற்குச் சட்டத் தகுதி கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1966இல் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் பரிந்துரைத்த லோக்பாலுக்கு 1968இல் முதல் மசோதா வந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்ததோ 2014 ஜனவரி 16 அன்று. அதன்பிறகும் மோடி அரசு ஐந்தாண்டுகளைக் கடத்தியது. எதிர்க்கட்சித் தலைவர் இல்லை என்ற சாக்கை 2017இல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. முதல் லோக்பாலாக நீதிபதி பினாகி சந்திர கோஷ் பொறுப்பேற்றது 2019 மார்ச்சில்தான்.

அமைப்பு ஏட்டில் நன்றாகவே உள்ளது. ஒரு தலைவர், எட்டு வரையிலான உறுப்பினர்கள்; பாதிப்பேர் நீதித்துறையினர்; பாதிக்குக் குறையாதோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், பெண்கள். பிரதமரும் வரம்புக்குள் வருகிறார். ஆனால் புகார் பொய்யெனத் தீர்ப்பானால் கொடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கூலித் தொழிலாளியை வாய்மூட வைக்க இது போதும்.

மறுபுறம், 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. கையும் களவுமாகப் பிடிபடும் எழுத்தருக்கு முன் அனுமதி தேவையில்லை. கோப்பில் கையெழுத்திட்டுக் கோடிகளை மடைமாற்றுபவரின் முடிவை விசாரிக்கவோ அரசின் முன் அனுமதி வேண்டும். கெண்டைக்கு வலை, திமிங்கிலத்துக்குக் கவசம்! ஆதர்ஷ் குடியிருப்பு வழக்கில் முன்னாள் முதல்வர் மீது வழக்குத் தொடர 2013இல் ஓர் ஆளுநர் மறுத்தார். 2016இல் மற்றோர் ஆளுநர் அனுமதித்தார். 2017இல் உயர்நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது.

நாட்டிலேயே முதலில், 1972இல், லோக் ஆயுக்தாவை நிறுவியது மகாராஷ்டிரம். அரை நூற்றாண்டாக அதனால் பரிந்துரைக்க மட்டுமே முடிந்தது. பின்னர் சட்டமன்றம் நிறைவேற்றிய புதிய மசோதாவும், முதல்வரை விசாரிக்கப் பேரவையின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலைக் கோருகிறது.

விசாரணை அமைப்புகள் ஆட்சியாளரின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். 17ஏ நீக்கப்பட வேண்டும். பொது நிலத்தைப் பெறும் தனியார் நிறுவனங்களும் லோக்பால் வரம்புக்குள் வர வேண்டும். புகாரளிப்போருக்குப் பாதுகாப்பு வேண்டும். சட்டம் தானாக நடக்காது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியிருப்போரின் ஆவணங்களைத் திரட்டி, தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, முறையீடுகளைக் கூட்டாக அளிக்கச் செய்வது கட்சிக் கிளைகளின் உடனடிக் கடமையாகும். தனிமனிதனை மிரட்டும் சட்டம், திரண்டு நிற்கும் மக்களை எளிதில் மிரட்ட முடியாது.