பண்ணை வீட்டில் நீச்சல் குளம்! வேலி இருக்கிறதா என்று கேட்டீர்களா?

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் போதும். திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் வரிசை கட்டுகின்றன. பின் சீட்டில் பிள்ளை குட்டிகள். டிக்கியில் பிரியாணி அண்டா, ஐஸ் பெட்டி, காற்று ஊதிய ரப்பர் வாத்து.

எல்லாம் பண்ணை வீட்டுக்கு! முட்டுக்காடு, கோவளம், பட்டிபுலம், மாமல்லபுரம் என்று வழி நெடுக வாடகை வீடுகள். தனி நீச்சல் குளம் உண்டு என்பதுதான் விளம்பரமே.

முன்பு இது பணக்காரர் சமாசாரம். இப்போது ஆபீசில் எட்டுப் பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுக்கிறார்கள். கடைக்காரர்களும் குடும்பத்தோடு போகிறார்கள். போகட்டும். வாரம் பூரா உழைக்கிறவன் ஒரு நாள் தண்ணீரில் கிடந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டைத் தேர்ந்தெடுக்கிற விதத்தில்தான் கோளாறு.

போட்டோவைப் பார்த்து அட்வான்ஸ்

செல்போனில் போட்டோ வருகிறது. நீலத் தண்ணீர், பக்கத்தில் தென்னை மரம். அவ்வளவுதான், மயங்கி விடுகிறார்கள். ஏ.சி. இருக்கா? எத்தனை ரூம்? ராத்திரி எத்தனை மணி வரைக்கும் பாட்டு போடலாம்? கேள்வி தீர்ந்தது. அட்வான்ஸ் போய் விடுகிறது. குளத்தைப் பற்றிக் கேட்டால், "பக்காவா இருக்கு சார்" என்கிறார் புரோக்கர்.

வேலி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஹாலில் கண்ணாடிக் கதவு. தள்ளினால் திறக்கும். ஐந்தாறு அடி எடுத்து வைத்தால் தண்ணீர். இதைத்தான் வசதி என்று காட்டுகிறார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் அதே ஐந்தாறு அடிதான்! அம்மா சமையல்கட்டில். பிள்ளை அப்பாவிடம் இருக்கிறது என்று நினைக்கிறாள். அப்பா, பாட்டியிடம் இருக்கிறது என்று நினைக்கிறார். பாட்டி தூங்குகிறாள்.

சினிமாவில் மாதிரி கையை ஆட்டிக் கூச்சல் போட்டுக் கொண்டு பிள்ளைகள் மூழ்குவதில்லை. பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சு நின்று நாலைந்து நிமிஷத்தில் மூளை பாதிக்கத் தொடங்கி விடும். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம்.

"ஆழம் நாலு அடிதான் சார்" என்று தைரியம் சொல்வார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரமே சுமார் மூன்றரை அடி! பெரியவர்களுக்கும் அந்த நாலு அடி ஆபத்துதான். குடித்து விட்டுத் தலைகீழாகப் பாய்கிறவனுக்கு அது போதாது. தலை தரையில் மோதினால் கழுத்து எலும்பு போய் விடும்.

2021-ல் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதில் ஏறக்குறைய கால்வாசி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

வெளிநாட்டில் சட்டம்

பிரான்சு நாட்டுக் கிராமப் பக்கத்தில் இப்படிக் குளத்தோடு வாடகை வீடுகள் ஏராளம். அங்கே 2003 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டார்கள். தரையில் தோண்டிய குளம் என்றால் வேலி, அலாரம், மூடி, கூரை இந்த நாலில் ஒன்று கட்டாயம். மீறினால் 45 ஆயிரம் யூரோ வரை அபராதம். ஆஸ்திரேலியாவில் வேலி 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். வேலிக் கதவு தானாக மூடிக் கொள்ள வேண்டும்.

இங்கே என்ன தொங்குகிறது? "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு போர்டு! ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வாங்குகிறவருக்கு இடுப்பளவு கம்பி வேலி போடக் காசு இல்லையா? வேலி போட்டால் போட்டோவில் அழகு கெடுமாம். வேலி இல்லாத குளத்தோடு வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்று இங்கேயும் கண்டிப்பு வர வேண்டும்.

அடியில் உறிஞ்சும் ஓட்டை

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. குளத்தின் அடியில் தண்ணீரை மோட்டார் உறிஞ்சுகிற ஓட்டை இருக்கும். அதன் மூடி உடைந்திருந்தால் தலைமுடியை, கையை இழுத்துப் பிடித்துக் கொள்ளும். அமெரிக்க மாஜி மந்திரி ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002-ல் இப்படித்தான் வெந்நீர்த் தொட்டியில் சிக்கி இறந்தாள். அதன் பிறகு, 2007-ல், அங்கே மூடிக்கென்றே சட்டம் வந்தது. மூடியைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். அடி தெரியாத பச்சைத் தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம்.

தண்ணீர் ஏன் பச்சையாகிறது? 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், நாலு அடி ஆழம் என்றால் சுமார் 38 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரியில் மூன்று லோடுக்கு மேல்! யார் அடிக்கடி மாற்றப் போகிறார்கள்? குளோரின் போட்டு மோட்டாரை ஓட்டினால் மாற்றாமலே சுத்தமாக வைக்கலாம். கரண்டு பில்லுக்குப் பயந்து மோட்டாரை நிறுத்தி விட்டால்தான் பாசி பிடிக்கிறது. குளத்துக்குள் எரிகிற விளக்குக்கு ஷாக் அடித்தால் கரண்டைத் துண்டிக்கிற ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் வாட்ச்மேனிடம் கேட்டு விடுங்கள்.

இன்னொன்று ஆஸ்பத்திரி. மாமல்லபுரத்தில் இருந்து செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரி சுமார் 30 கிலோ மீட்டர். சந்துக்குள் இருக்கிற வீட்டுக்கு 108 வண்டி வர வழி சொல்லத் தெரிய வேண்டும். விலாசத்தை முதலிலேயே எழுதிக் கொள்வது நல்லது.

போய் இறங்கியதும் அண்டாவை இறக்காதீர்கள். முதலில் ஒருவர் குளத்தைச் சுற்றி வரட்டும். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கிற வரைக்கும் ஒரு பெரியவர் கரையில் உட்கார வேண்டும். குடிக்கக் கூடாது. செல்போன் பார்க்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு ஆள் மாற்றிக் கொள்ளலாம். எட்டுப் பேர் இருக்கிறீர்களே!

வேலி இல்லை, கண்ணாடிக் கதவுக்கு உயரத்தில் தாழ்ப்பாளும் இல்லை, அடியும் தெரியவில்லை என்றால் அட்வான்சைப் பார்க்காமல் காரைத் திருப்புங்கள். பிள்ளைகள் அழுதால் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே குளத்தைச் சுற்றிச் சுவர் இருக்கிறது.