மாணவர் பேசுவது கணினிக்குப் புரியுமா?

2025-26-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், கல்வித் துறைக்கான செயற்கை நுண்ணறிவு உயர் சிறப்பு மையம் அமைக்க ரூ.500 கோடி அறிவிக்கப்பட்டது. மாணவர் ஐயம் கேட்க, கணினி விடையளிக்கும் காலத்தில் இது வரவேற்கத்தக்க முடிவே. ஆனால், மாணவர் எந்த மொழியில் கேட்பார் என்பதற்கு விடை காணாமல் அந்தப் பணம் செலவிடப்படுமானால், பயன் ஆங்கிலம் அறிந்தவர்களோடு நின்றுவிடும்.

கணினியோடு உரையாடிக் கற்பது புதிய எண்ணமல்ல. 1970-ல் அமெரிக்காவில் ஜெய்மி கார்பொனெல் உருவாக்கிய "ஸ்காலர்', தென் அமெரிக்கப் புவியியல் குறித்து மாணவரிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டது, மாணவரின் கேள்விகளுக்கும் பதிலளித்தது. 1990-களில் மெம்பிஸ் பல்கலைக்கழகத்தில் உருவான "ஆட்டோ டியூட்டர்', விடையைச் சொல்லிவிடாமல் துணைக் கேள்விகளால் மாணவரையே விளக்கச் செய்தது. நல்லாசிரியர் செய்வதும் அதைத்தான்.

மாணவர் கூறுவதைச் சரியாகப் புரிந்துகொண்டால்தான் அடுத்த கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும். ஆங்கிலத்தில் இதற்கு அரை நூற்றாண்டு உழைப்பு பின்னணியில் உள்ளது. இந்திய மொழிகளின் நிலை வேறு. இன்றைய மொழி மாதிரிகள் பலவும் பெருமளவு ஆங்கில எழுத்துகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. பேச்சறியும் மென்பொருள்களோ பெரும்பாலும் பெரியவர்களின் குரலில் பயின்றவை. சிறுவர்களின் குரலிலும் வட்டார வழக்கிலும் அவை தடுமாறுகின்றன. சரியாகச் சிந்தித்த மாணவர், பேசிய விதத்துக்காகத் தவறிழைத்தவராகக் கணிக்கப்படும் அபாயம் இருக்கிறது.

மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024-25-ம் ஆண்டு புள்ளிவிவரப்படி, ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்ட பள்ளிகள் நாட்டில் 1.04 லட்சம். கணினி ஆசிரியரின் துணை மிகுதியும் தேவைப்படுவது இங்குதான். ஆனால், மொத்தப் பள்ளிகளில் இணைய வசதி பெற்றவை 63.5 சதவீதமே. 2022-ல் தொடங்கப்பட்ட "பாஷினி' திட்டம் எட்டாவது அட்டவணை மொழிகளை முன்னிறுத்துகிறது. கோண்டியும் போஜ்புரியும் அந்த அட்டவணையில் இல்லை. பழங்குடியினர் மொழிகளுக்காக 2025-ல் அறிமுகமான "ஆதிவாணி' நல்ல தொடக்கம். எனினும், மொழிபெயர்ப்பது வேறு, கற்பிப்பது வேறு.

எனவே, ஒதுக்கப்படும் நிதியில் ஒரு பகுதி, பல மாநிலச் சிறார்களின் பேச்சைப் பெற்றோரின் ஒப்புதலுடன் தொகுக்கச் செலவிடப்பட வேண்டும். எந்த மென்பொருளும் பள்ளிக்குள் நுழையும் முன்பு, ஒவ்வொரு மொழியிலும் அது எவ்வளவு பிழை செய்கிறது என்பதை அரசு பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமலிருக்க இதை ஒரு சாக்காக்கவும் கூடாது.

இயன்றவரை குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிவழிக் கல்வி என்கிறது தேசிய கல்விக் கொள்கை 2020. வகுப்பறைக்கு ஏற்றுக்கொண்ட அந்த நெறியைக் கணினித் திரையில் கைவிடுவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகவே அமையும்.