முதலில் பேச்சு, அப்புறம் கல், கடைசியில்தான் வேலி



உயிர்வேலியைப் பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். கிளுவை நடுங்க, நொச்சி நடுங்க, ஆடாதொடை நடுங்க. காற்றுத் தடுப்பும் ஆச்சு, ஆட்டுக்குத் தழையும் ஆச்சு, பூச்சிவிரட்டிக்கு இலையும் ஆச்சு என்கிறோம். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வேலியை எந்தக் கோட்டில் நடுவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. அது தெரியாமல் நட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு நாலு வருஷம் முகம் பார்க்காமல் இருந்தவன் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கொங்குப் பக்கம் இரண்டு நிலத்துக்கு நடுவில் இருக்கும் எல்லை வரப்பைப் பொழி என்போம். என் தோட்டத்துக்கு வடக்கே இருக்கும் பொழி கிழக்கு மேற்காக 330 அடி. பழைய கணக்கில் 5 சங்கிலி. அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர் எனக்கு அண்ணன் முறை. அவருடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியவர்கள். அவர்கள் காலத்தில் அந்தப் பொழியில் வேலியும் இல்லை, தகராறும் இல்லை.

ரசாயனத்தை விட்ட முதல் வருஷம், ஒரு வேகத்தில் அந்தப் பொழி நெடுக கிளுவைப் போத்து நட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நம்ம பொழி, நம்ம வேலி, கேட்க என்ன இருக்கு என்ற நினைப்பு. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் கிழக்குக் கோடியில் நாற்பது போத்துக்கு மேல் பிடுங்கி என் நிலத்துக்குள் வீசிக் கிடந்தது. "தம்பி, நீ நட்டிருக்கறது என் காடு" என்றார் அவர். "உழுது உழுது பொழியைத் தின்னது நீங்கதானே" என்றேன் நான். இரண்டு பேரும் சொல்லக் கூடாததையெல்லாம் சொன்னோம்.

அதற்கப்புறம் நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தேன். "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட மாதிரி, நிலத்துச் சண்டை ஊர்ச் சண்டை ஆனது. அவர் பொழி நெடுக களைக்கொல்லி அடித்தார். வாடைக் காற்றில் அது என் முருங்கையில் விழுந்து இலையெல்லாம் கருகியது. வீம்புக்கு நான் வேலி ஓரம் மரக்கன்றுகளை நெருக்கி வைத்தேன்.

மூன்றாவது வருஷம் என் அப்பா இறந்தார். அண்ணன் வந்தார். ஆனால் வாசலுக்குள் வரவில்லை. ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அப்பாவோடு ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தவரின் மகன் அவர். அம்மாதான் அதைக் கவனித்துவிட்டு, காரியம் முடிந்த பிறகு சொன்னார்: "நெலத்தை அளக்கறது அப்புறம் இருக்கட்டும். மொதல்ல அவன் வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வா."

போவதற்கு எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. போனேன். தண்ணீர் கொடுத்தார்கள். அன்றைக்கு நிலத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது முறை போனபோது, "அண்ணா, ரெண்டு பேரும் சேர்ந்தே அளக்கச் சொல்லி எழுதிக் கொடுப்போம். கல்லு எங்க விழுதோ அங்க வேலி. பணத்தைப் பாதிப் பாதி போட்டுக்கலாம்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

சித்திரையில், இரண்டு பக்கமும் பயிர் இல்லாத நேரத்தில், சர்வேயர் வந்து அளந்தார். கிழக்குக் கோடியில் பழைய கல் கறையான் புற்றுக்கு அடியில் கிடைத்தது. கணக்கு இதுதான்: கிழக்கே என் வேலி அவருடைய நிலத்துக்குள் 3 அடி இருந்தது. மேற்கே அவருடைய உழவு என் நிலத்துக்குள் 2 அடி வந்திருந்தது. பொழி நடுவில் கோணிக் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் சொன்னதும் பாதி உண்மை, நான் சொன்னதும் பாதி உண்மை.

பரப்பைப் போட்டுப் பார்த்தேன். அவருடையதில் என்னிடம் இருந்தது சுமார் 297 சதுர அடி. என்னுடையதில் அவரிடம் இருந்தது சுமார் 132 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. இரண்டையும் கழித்தால் அரை சென்ட்கூட இல்லை. இந்த அரை சென்ட்டுக்காகத்தான் நாலு வருஷம், ஒரு போலீஸ் மனு, ஒரு வயல் முருங்கை, அப்பாவின் சாவு வீட்டில் வாசலுக்கு வெளியே நின்ற ஒரு மனுஷன்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது, "விட்டுக் கொடுத்துப் போங்க" என்ற பொது புத்திமதி இல்லை. இயற்கை உழவருக்கு மற்ற விவசாயிகளைவிடப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதிகம் தேவை. அதை நாம் உணர்வதில்லை.

ரசாயன விவசாயம் செய்பவருக்குப் பக்கத்துக்காரர் என்ன அடித்தாலும் பெரிய நஷ்டமில்லை. நமக்கு அப்படியா? அவர் மருந்தடிக்கும் நேரத்தைச் சொன்னால்தான் நாம் தேனீப் பெட்டியை மூட முடியும். அவர் களைக்கொல்லியைப் பொழிக்கு 5 அடி தள்ளி நிறுத்தினால்தான் நம் ஓரப் பயிர் தப்பும். அவர் நிலத்து மழைத் தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ, அதில்தான் அவர் போட்ட உப்பும் வரும். சான்றிதழுக்குப் போனால், ரசாயன நிலத்துக்கும் நம் பயிருக்கும் நடுவில் காப்பு இடைவெளி எங்கே என்று கேட்கிறார்கள். இவ்வளவையும் எந்த நீதிமன்றமும் நமக்கு உத்தரவு போட்டு வாங்கித் தர முடியாது. முகம் பார்த்துப் பேசினால்தான் கிடைக்கும்.

அவர் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். சமரசம் ஆன பிறகு அண்ணன் சொன்னார்: "தம்பி, மார்கழி தையில உன் மரத்து நெழல் பூராவும் என் சின்ன வெங்காயத்து மேலதான் விழுது." யோசித்துப் பார்த்தேன். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கிறது. நான் அவருக்குத் தெற்கே இருக்கிறேன். நிழல் அவருக்குத்தான் போகும். வாடைக் காற்றில் அவர் மருந்து எனக்கு வருகிறது, அதே பருவத்தில் என் நிழல் அவருக்குப் போகிறது. நான் நாலு வருஷமும் மருந்தைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தேன். வேர் ஓடுவது, வேலியில் எலி அடைவது, வெட்டாமல் விட்ட கிளை அவர் உழவுக்கு இடிப்பது எல்லாமே அவருக்கு நஷ்டம்தான். "இயற்கைக்கு நல்லது" என்று சொல்லி அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது நகரத்திலிருந்து வந்து நிலம் வாங்கி இயற்கை விவசாயம் தொடங்கும் தம்பி தங்கைகள் அதிகம். வரவேற்கிறேன். ஆனால் பத்திரம் பதிந்த மறுவாரமே கல்கால் ஊன்றிக் கம்பி இழுக்கிறீர்கள். அந்த நிலத்தில் ஒரு வண்டித் தடம் இருந்திருக்கும், ஒரு வாய்க்கால் போயிருக்கும், யாரோ ஆடு ஓட்டிப் போயிருப்பார்கள். ஊர் உங்களை முதலில் அறிவது அந்தக் கம்பியை வைத்துத்தான். எங்கள் பக்கத்து இட்டேரிகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் எல்லோருக்கும் வழி. அந்தக் காலத்தில் வேலி வைத்தவர்கள் வழியையும் சேர்த்தே வைத்தார்கள்.

அதே நேரம், "அளவு எதுக்கு, பெரியவங்க பேசி முடிச்சுக்கலாம்" என்பதையும் நான் ஏற்கவில்லை. வசதி, சாதி, ஆள்பலம் எல்லாம் ஒரு பக்கமே இருக்கும் ஊர்களில், அளக்காமல் பேசினால் எளியவருக்குத்தான் நிலம் போகும். தனியாக விவசாயம் பார்க்கும் பெண்களிடம் வருஷத்துக்கு ஒரு சால் என்று பொழியைத் தின்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பலமே அந்தக் கல்லும் காகிதமும்தான். பேச்சு முதலில் வேண்டும். ஆனால் பேச்சு, அளவில் வந்து முடிய வேண்டும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் காகிதம். பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் அரசு இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். புலப்படத்தில் ஒவ்வொரு பக்கத்தின் நீளமும் இருக்கும். அதைப் பத்திரத்தில் இருக்கும் செக்குபந்தியோடு ஒப்பிடுங்கள். பழைய பத்திரம் ஏக்கர் சென்ட் கணக்கு. பட்டா ஹெக்டேர் ஏர்ஸ் கணக்கு. ஒரு ஏர்ஸ் என்பது சுமார் 2.47 சென்ட். இந்த மாற்றல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, "என் நிலம் குறையுது" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு.

இரண்டாவது, பக்கத்துக்காரர் வீட்டுக்குப் போங்கள். தோட்டத்தில் நின்று பேசாதீர்கள். மண்வெட்டி கையில் இருக்கும்போது பேசும் பேச்சு சரிவராது. வேலி நடப்போகிறேன், என்ன மரம், எவ்வளவு உயரம் என்று சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, அளவு. இ-சேவை மையத்திலேயே கட்டணம் கட்டி எல்லை அளக்க விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளில் நான்கு பக்கத்துக்காரர்களும் இருக்கட்டும். கயிறு இழுக்கும்போது அவர்களையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். கல் ஊன்றியதும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 1923ஆம் வருஷத்து நில அளவை, எல்லைச் சட்டப்படி அளவுக் கல்லைப் பராமரிப்பது நில உடைமையாளரின் பொறுப்பு. கல்லைப் பிடுங்குவது குற்றம்.

நான்காவது, எழுத்து. யார் எந்தப் பக்கம் கவாத்து வெட்டுவது, எந்த உயரத்துக்கு மேல் விடக்கூடாது, களைக்கொல்லி எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். கல்லை விட்டு வேறு கோட்டுக்கு ஒத்துக்கொண்டால், நிலம் கைமாறுகிறது என்று அர்த்தம். அதற்குப் பரிவர்த்தனைப் பத்திரம் பதிய வேண்டும். "இருக்கட்டும் விடு" என்று வாய்வார்த்தையில் விட்டால், 12 வருஷம் கழித்து அனுபவ உரிமை என்று ஒரு வழக்கு வரலாம். உங்களுக்கு வராவிட்டாலும் பிள்ளைகளுக்கு வரும்.

இவ்வளவுக்கும் வழிக்கு வராதவர் என்றால், வழக்குப் போடும் முன் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு ஒரு மனுக் கொடுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லை. அங்கே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு முடித்தால், அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடும் கிடையாது. அதற்கும் வராவிட்டால் கோர்ட்டுதான். வழியையோ கிணற்றையோ அடைத்தால் தயங்காமல் போங்கள். ஆனால் அரை சென்ட்டுக்குப் போகாதீர்கள்.

எங்கள் வேலியைப் புதுக் கோட்டுக்கு மாற்றி நட்டோம். கிழக்கே நான் பின்வாங்கினேன், மேற்கே அவர் பின்வாங்கினார். நெருக்கி வைத்த மரக்கன்றுகளில் பாதியை எடுத்துவிட்டு அங்கே ஆடாதொடை வைத்தேன். வேர் அந்தப் பக்கம் ஓடாமல் இருக்க, வேலிக்கு இந்தப் பக்கம் வருஷத்துக்கு ஒரு தடவை சிறு வாய்க்கால் எடுக்கிறேன். அவர் 5 அடிக்குள் களைக்கொல்லி அடிப்பதில்லை. மருந்தடிக்கும் நாளில் பையனிடம் சொல்லி அனுப்புகிறார்.

அண்ணன் இயற்கைக்கு மாறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். மாறவில்லை. இன்னமும் மூட்டை மூட்டையாக யூரியா போடுகிறார். ஆனால் போன வருஷம் அப்பாவுக்குத் திதி கொடுத்தபோது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுவிட்டுப் போனார். வெங்காயத்துக்கு அடிக்க வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு குடம் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.