‘பாசிட்டி’: குறைவைச் சொல்லும், குறைத்தவரைச் சொல்லாது

கருத்தரங்கின் பிற்பகல் அமர்வு. தொடக்க விழா அரைமணி தாமதமாகத் தொடங்கி ஒருமணி நேரம் கூடுதலாக நீண்டிருக்கும். மையவுரையாளர் தமக்குரிய நேரத்தைப் போல் இருமடங்கு எடுத்துக்கொண்டிருப்பார். பொன்னாடைகளும் நினைவுப்பரிசுகளும் எஞ்சியதை விழுங்கியிருக்கும். வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த ஆய்வு மாணவி கடைசியில் மேடையேறும்போது அமர்வுத் தலைவர் சொல்வார்: ‘நேரமின்மை காரணமாக ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளவும்.’ ஆங்கிலத்தில் நடக்கும் கருத்தரங்கானால் அது ‘பாசிட்டி ஆஃப் டைம்’ என்று வரும். இரண்டிலும் நேரம் தானாகவே வற்றிப்போனது போன்ற தோற்றம். அதைச் செலவழித்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்த வாக்கியத்துக்குள் மட்டும் அவர்கள் இல்லை.

இந்திய அலுவலக ஆங்கிலமும் ஆய்வுலக ஆங்கிலமும் மிகுதியாகப் புழங்கும் சொற்களுள் ‘பாசிட்டி’யும் ஒன்று. நிதிக்குப் பாசிட்டி, பணியாளர்களுக்குப் பாசிட்டி, தரவுகளுக்குப் பாசிட்டி. இதன் வேர் இலத்தீனத்துப் ‘பாகுஸ்’, பொருள் ‘சில’. ஆங்கிலத்தின் ‘ஃபியூ’, ‘பூவர்’, ‘பாவர்ட்டி’ ஆகியனவும் இதே தொல்வேரைச் சேர்ந்தவை என்பர். ஆக, எண்ணிக்கையின் சிறுமையும் வறுமையும் பிறப்பிலேயே உறவுடையவை. தமிழில் இதற்கு நேர்நிகரான பழஞ்சொல் ஒன்று உண்டு. பல என்பதிலிருந்து பன்மை பிறந்ததுபோல், சில என்பதிலிருந்து பிறந்த ‘சின்மை’. வழக்கிழந்துபோன அச்சொல்லின் இடத்தில் இன்று ‘இன்மை’ உட்கார்ந்திருக்கிறது. பிழை அங்கேயே தொடங்குகிறது. பாசிட்டி என்றால் கொஞ்சம் இருக்கிறது என்று பொருள். இன்மை என்றால் அறவே இல்லை. கொஞ்சம் இருக்கும்போதுதான் அது யாருக்குப் போயிற்று என்ற கேள்வி எழும். இல்லவே இல்லையெனில் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல்லின் உடன்பிறப்புகள் இத்தனை மௌனமானவை அல்ல. ‘டர்த்’ என்பது ‘டியர்’ என்பதிலிருந்து வந்தது. தானியம் விலையேறிக் கைக்கெட்டாமல் போன காலத்தைக் குறித்த சொல் அது. குறைவை அது சந்தையோடும் விலையோடும் சேர்த்தே சொல்கிறது. தமிழின் ‘அருமை’யும் அவ்வாறே, கிடைத்தற்கு அரியதையும் மதிப்புமிக்கதையும் ஒரே மூச்சில் சொல்லும். ‘ஸ்கேர்சிட்டி’ பொருளியலின் அடிப்படைச் சொல்லாகிவிட்டது; வழிகள் குறைவு, தேவைகள் பல, ஆகவே தேர்வு செய்யவேண்டும் என்பதை 1932இல் லயனல் ராபின்ஸ் அத்துறையின் வரையறையாகவே வைத்தார். ‘பாசிட்டி’யில் மட்டும் விலையும் இல்லை, தேர்வும் இல்லை. அதிலிருந்து வினைச்சொல் பிறப்பதில்லை. வினையே இல்லாதபோது வினைசெய்தவரை எங்கே தேடுவது? கோப்புகளில் அச்சொல் விரும்பப்படுவதற்கு அதன் மிடுக்கு மட்டும் காரணமன்று; இந்த வசதியும் ஒரு காரணம்.

தமிழின் அன்றாடச் சொற்கள் இவ்வளவு எளிதில் தப்பவிடுவதில்லை. ‘பற்றாக்குறை’ என்பதில் ‘பற்றாத’ என்ற சொல் நிற்கிறது. பற்றுதல் என்றால் போதுதல். பேச்சில் ‘பத்தலை’ என்கிறோமே, அதுதான். போதவில்லை என்றவுடன் யாருக்கு, எதற்கு என்ற கேள்விகள் கூடவே வந்துவிடும். ‘தட்டுப்பாடு’ இன்னும் ஒரு படி மேல். தட்டு என்றால் தடை. பொருள் இருக்கிறது, வரும் வழியில் ஏதோ தட்டிற்று என்கிறது அச்சொல். நியாயவிலைக் கடையில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டவர் மண்ணெண்ணெய் உலகத்திலேயே குறைந்துவிட்டதாக எண்ணுவதில்லை. ‘எங்கே பதுக்கினார்கள்?’ என்றுதான் கேட்பார்.

சொல்லைத் தேர்வதில் உயிர்கள் அடங்கியிருந்த காலமும் இந்நாட்டில் உண்டு. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையத்தைத் தொடர்ந்து உருவான பஞ்ச விதித்தொகுப்புகள், ‘ஸ்கேர்சிட்டி’யையும் ‘ஃபேமின்’ என்னும் பஞ்சத்தையும் வெவ்வேறு நிலைகளாகப் பிரித்தன. பஞ்சம் என்று அறிவித்தால் நிவாரணம் அரசின் கடமையாகிவிடும். 1943இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோதும் அவ்விதிகளின்படி பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில், அவ்வாண்டு வங்கத்தில் கிடைத்த உணவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 விழுக்காடே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941ஐவிட அதிகம் என்றும் கணக்கிட்டார். அக்கணக்கை மறுப்போரும் உளர். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது: எவ்வளவு உணவு இருந்தது என்பதோடு நிற்காமல், அதைப் பெறும் வலிமை யாருக்கு இருந்தது என்றும் பார்க்கவேண்டும். விடுதலைக்குப் பின் 1963இல் மகாராஷ்டிரம் ஒரு சட்டமியற்றித் தன் சட்டங்களிலிருந்து ‘ஃபேமின்’ என்னும் சொல்லையே நீக்கி, அவ்விடத்தில் ‘ஸ்கேர்சிட்டி’யை வைத்தது. பஞ்சம் வரவிடமாட்டோம் என்ற உறுதியாக அதை வாசிக்கலாம். வந்தாலும் அப்பெயரால் அழைக்கமாட்டோம் என்றும் வாசிக்கலாம்.

இச்சொல்லை நீதிமன்றங்கள் மறித்ததும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி, திறந்த சாக்கடைகளைச் சீரமைக்கப் பணமில்லை என்று வாதிட்டது. 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நிதியின்மையைக் காட்டிக் கடமையிலிருந்து விலக முடியாது என்றார். 1992இல் வங்கத்தில் தொடர்வண்டியிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற ஒரு தொழிலாளியை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பின. 1996இல் உச்சநீதிமன்றம் அதை வாழ்வுரிமை மீறலாகக் கண்டது. இரண்டு தீர்ப்புகளும் குறைவை மறுக்கவில்லை. குறைவு ஒரு பதிலாகிவிட முடியாது என்றே கூறின.

கல்விப்புலம் இதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் வராதபோது ஆய்வாளருக்குக் கிடைக்கும் விளக்கம் ‘நிதிப் பற்றாக்குறை’. விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்குபவரும், களப்பணியைத் தள்ளிப்போடுபவரும், ஆய்வையே கைவிட்டு வேலைக்குப் போகிறவரும் அந்தத் தொடரின் விலையைக் கொடுக்கிறார்கள். ஒதுக்கீடு எவ்வளவு, எம்மாதத்தில் வந்தது, எத்தலைப்புக்கு மாற்றப்பட்டது என்ற மூன்று வரிகள் அவ்விளக்கத்தோடு வருவதில்லை.

ஆனால் இதே சொல்லை ஆய்வாளர்களும் கூசாமல் கையாள்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆய்வேடுகளின் முன்னாய்வு இயலில் ‘இத்துறையில் ஆய்வுகளின் பாசிட்டி காணப்படுகிறது’ என்ற வாக்கியம் சடங்காகிவிட்டது. ‘ஆய்வு இடைவெளி’ ஒன்றைக் காட்டினால்தான் தலைப்புக்கு அனுமதி என்பதால், இடைவெளி கண்டுபிடிக்கப்படுவதைவிட உண்டாக்கப்படுவதே அதிகம். தேடியது ஆங்கிலத் தரவுத்தளம் ஒன்றில். தேடிய சொற்கள் ஆங்கிலச் சொற்கள். மராத்தியிலும் வங்கத்திலும் கன்னடத்திலும் தமிழிலும் சிற்றிதழ்களிலும் மாவட்டக் கல்லூரிகளின் ஆய்வேடுகளிலும் ஒருவர் ஆயுள் முழுதும் உழைத்து எழுதியவை அத்தேடலில் அகப்படுவதில்லை. அகப்படாதவை இல்லாதவை ஆகிவிடுகின்றன. அங்கே குறைந்திருந்தது வாசிப்பு. குறைவென்று எழுதப்பட்டதோ ஆய்வு. முன்னோடி ஒருவரின் உழைப்பை மறுக்க அவரைக் கண்டிக்கத் தேவையில்லை, இந்த ஒரு சொல் போதும்.

எல்லாக் குறைவுக்கும் குற்றவாளி உண்டென்பதன்று இதன் பொருள். சிந்துவெளிப் பொறிப்புகள் சராசரியாக ஐந்து குறியீடுகளே கொண்டவை. இருமொழிப் பொறிப்பு ஒன்றும் இதுவரை கிடைக்கவில்லை. அங்கே சான்றுகளின் சின்மை உண்மையானது, யாரும் ஒளித்துவைத்ததன்று. ஆனால் அத்துறையில் எழுதுவோர் வெறுமனே ‘குறைவு’ என்று நிறுத்துவதில்லை. எத்தனை பொறிப்புகள், எவ்வளவு நீளம், எங்கெங்கே கிடைத்தவை என்று எண்ணிச் சொல்கிறார்கள். நேர்மையான குறைவு தன் கணக்கைத் தானே காட்டும்.

ஆகவே ‘பாசிட்டி’யை அகராதியிலிருந்து விலக்கவேண்டியதில்லை. அது வரும் இடத்திலெல்லாம் மூன்று கேள்விகளைத் துணைக்கு வைத்தால் போதும். இருப்பது எவ்வளவு? யாருக்குப் பற்றவில்லை? எங்கே தட்டிற்று? முதற்கேள்வி சின்மையினுடையது, இரண்டாவது பற்றாக்குறையினுடையது, மூன்றாவது தட்டுப்பாட்டினுடையது. இவற்றுக்கு விடை தராத சுற்றறிக்கையும் ஆய்வேடும் குறைவை விளக்கவில்லை, அறிவித்திருக்கின்றன, அவ்வளவே.

அந்தப் பிற்பகல் அமர்வுக்கும் இது பொருந்தும். நேரம் குறைவாக இருப்பது உண்மைதான். அப்படியானால் அடுத்த கருத்தரங்கில் முதல் கட்டுரையை அந்த மாணவி வாசிக்கட்டும். மையவுரை பிற்பகல் ஐந்து மணிக்கு வரட்டும். நேரம் யாருக்குப் பற்றாமல் போகிறது என்பது அப்போது அவையில் எல்லோருக்கும் புலப்படும்.