விற்காத இசைக்கு ஒரு வழக்கு

1980களின் தொடக்கத்தில் 'டுரான் டுரான்' பாப் குழுவின் கச்சேரிகளுக்கு முன்னால் வாசித்த 'டாக் டாக்' குழுவை, சின்தசைசரை நம்பிப் பிழைக்கும் இன்னொரு லண்டன் கோஷ்டி என்றுதான் பலர் நினைத்தார்கள். பெயரும் டுரான் டுரான் போலவே இரட்டைச் சொல்லாகத்தானே இருந்தது!

1986இல் அவர்களின் 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்' ஆல்பம் நன்றாக விற்றது. அந்தத் தெம்பில் பாடகர் மார்க் ஹாலிஸ் வெஸ்ஸெக்ஸ் ஸ்டுடியோவை இருட்டாக்கினார். எண்ணெய்ப் புரொஜெக்டர் சுவரில் வண்ணம் கசியவிட, வந்த கலைஞர்களை மணிக்கணக்கில் மனம்போனபடி வாசிக்கவிட்டு, தேறிய சில நொடிகளை மட்டும் பொறுக்கிக் கோத்தார்கள். 1988இல் வந்த 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' அதுதான். ஆறே பாடல்கள், ஹிட்டாகும் சாயல் எதற்கும் இல்லை.

விற்கிற மாதிரி இசை தரவில்லை என்று அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான இ.எம்.ஐ. கோர்ட்டுக்கே போனது. வழக்கு நிற்கவில்லை. ஹாலிஸும் அசரவில்லை: 1991இல் வெர்வ் என்ற ஜாஸ் லேபிளில் வந்த 'லாஃபிங் ஸ்டாக்' இன்னும் பிடிவாதமானது, இன்னும் நல்லது.